கைதி, காதலி, கூடாரம்: தீவைச் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சில குறிப்புகள்

1

'தீவாந்தரம்' என்றொரு சொல் தமிழில் புழங்கிய காலம் உண்டு. தீவுக்குப் போவது அப்போது தண்டனை. மருதிருவர் 1801இல் தூக்கிலிடப்பட்ட பிறகு வேங்கன் பெரிய உடையத் தேவரும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டவர்களும் பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 1857 கலகக்காரர்களை அடைக்க 1858இல் அந்தமானில் கைதிக் குடியேற்றம் தொடங்கியது. 1908இல் வ.உ.சி.க்கு விதிக்கப்பட்டதும் தீவாந்தரம்தான். மேல்முறையீட்டில் குறைந்து கோவை, கண்ணூர்ச் சிறைகளோடு நின்றது. 'அவன் தண்ணி தாண்டிப் போயிட்டான்' என்றால் அவன் இனிமேல் இல்லை என்று பொருள்.

சினிமாத் தலைப்புகள் சில சமயம் வரலாற்றை நம்மைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடுகின்றன. 1952இல் 'அந்தமான் கைதி'. 1978இல் 'அந்தமான் காதலி'. இந்தப் படங்களின் கதைகளுக்குள் நான் போகவில்லை, தலைப்புகள் போதும். இருபத்தாறு வருட இடைவெளியில் 'அந்தமான்' என்ற குறிப்பானின் அர்த்தம் தலைகீழாகத் திரும்பிவிட்டது. கைதியின் இடத்தில் காதலி வந்து உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வர முடியாத இடம், திரும்பி வர மனசில்லாத இடமாகிவிட்டது.

இப்போது மூன்றாவதாக ஓர் உருவம் வந்திருக்கிறது. வாடகை ஸ்கூட்டர், பின்சீட்டில் சுருட்டிக் கட்டிய கூடாரம், கைப்பேசி, இரண்டு நாள் தாடி. பத்திரிகைகளின் பயணப் பக்கங்களிலும் காணொளிகளிலும் இந்த உருவம் சலிக்காமல் தீவுகளைச் சுற்றிவருகிறது. பாலி, பூக்கெட், ஹேவ்லாக் என இடம் மாறினாலும் கதையாடல் ஒன்றுதான். இந்தக் கதையாடலை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு, அது எதைப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்புகளின் நோக்கம். 'ஊர் சுத்தறவனையும் விட மாட்டீங்களா, அதுலயும் அரசியலா?' என்று சிலர் கேட்கலாம். ஓய்வு நேரத்தில்தான் கருத்தியல் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு நடமாடுகிறது. அப்போது பார்த்தால்தான் அதன் உடம்பு தெரியும்.

2

ஹேவ்லாக்கையே எடுத்துக்கொள்வோம். போர்ட் பிளேரிலிருந்து படகில் போக வேண்டிய தீவு. 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஆறாயிரத்துச் சொச்சம். படகுத்துறையில் இறங்கினால் கோவிந்த நகர். அங்கிருந்து ஒரு சாலை மேற்கே ராதாநகர் கடற்கரைக்குப் போகிறது, ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இன்னொரு சாலை கிழக்குக் கரையோரமாக விஜயநகர் வழியாகக் காலாபத்தருக்குப் போகிறது. இரண்டு சாலைகளும் ஓரிடத்தில் சட்டென்று முடிந்துபோகின்றன. அதற்கு அப்பால் காடு, இல்லையென்றால் கடல். ஸ்கூட்டரில் போகிறவர் போன வழியிலேயே திரும்பித்தான் ஆகவேண்டும். அரை நாளில் முழுச் சாலையும் தீர்ந்துவிடும்.

இதைத்தான் நம் பயணப் பிரதிகள் 'தீவைக் கண்டறிந்தோம்' என்று எழுதுகின்றன. போட்டு வைத்த சாலையில் கடைசிவரை போய்த் திரும்புவதற்குக் 'கண்டறிதல்' என்ற சொல் எப்படிப் பொருந்துகிறது? இந்தச் சொல் கடன் வாங்கியது. யாரிடமிருந்து என்பதைத் தீவின் பெயர்களே சொல்லும். போர்ட் பிளேர் என்ற பெயர் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கம்பெனி நில அளவையாளருடையது. ஹேவ்லாக், நீல் என்ற பெயர்கள் 1857 எழுச்சியை ஒடுக்கிய தளபதிகளுடையவை. அந்த எழுச்சியில் பிடிபட்டவர்களை அடைத்த தீவுக்கூட்டத்துக்கே அடக்கியவனின் பெயரைச் சூட்டுவது என்ன மாதிரியான எழுத்து என்று யோசித்துப் பாருங்கள். அதன்மீது அடுத்த அடுக்கு: நாட்டுப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியமர்த்தப்பட்டவர்கள் தங்கள் தெய்வங்களின் பெயர்களைக் கிராமங்களுக்கு வைத்தார்கள். ராதா, கிருஷ்ணா, கோவிந்தா, ஷியாம். அதற்கும் மேலே எண்கள்: ராதாநகர் ஏழாம் நம்பர் பீச், விஜயநகர் அஞ்சாம் நம்பர் பீச். கடைசியாக 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் ஆயின. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது.

தளபதி, அகதி, இலக்கம், தேசம். நான்கு அடுக்கு எழுத்து. இந்த நான்குக்கும் அடியில் இருந்த பெயர்கள், அங்கே முதலில் இருந்தவர்களின் பெயர்கள், எந்தப் பலகையிலும் இல்லை. ஸ்கூட்டர்காரர் பலகையைப் படிப்பதில்லை என்பதில்லை, பலகையின் முன்னால் நின்று படமே எடுத்துக்கொள்கிறார். ஆனால் அவருடைய பிரதியில் பெயர் என்பது வெறும் முகவரி. அது காயம் என்பது தெரிவதில்லை.

ரோலான் பார்த் 1957இல் வெளியான 'புராணிகங்கள்' நூலில் ஒரு பயண வழிகாட்டியைப் படித்துக் காட்டினார். அந்த வழிகாட்டிக்கு மலையும் தேவாலயமும்தான் கண்ணில் படுகின்றன, மனிதர்கள் வெறும் 'வகை மாதிரிகள்' ஆகிவிடுகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். நம்முடைய தீவுப் பிரதிகள் அதைவிட ஒரு படி மேலே போகின்றன. இவற்றில் வகை மாதிரிகூட இல்லை. வெள்ளை மணல், சாய்ந்த மரம், காலியான சாலை. சாலை காலியாக இருப்பதற்காகக் காலையில் ஐந்தரைக்கே எழுந்துபோய்ப் படம் எடுக்கிறார்கள். மனிதரற்ற தீவு இயற்கையாகக் கிடைப்பதில்லை, உழைத்துத்தான் தயாரிக்க வேண்டியிருக்கிறது.

3

ஸ்கூட்டரைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 1946இல் இத்தாலியில் பியாஜியோ கம்பெனி வெஸ்பாவைக் கொண்டுவந்தது. போரில் விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனி. வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர், அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. எனவே இயந்திரத்தைத் தகடு போட்டு மூடினார், சங்கிலியை எடுத்துவிட்டார், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார வைத்தார். துணியில் எண்ணெய் படக் கூடாது. ஸ்கூட்டரின் தத்துவம் இதுதான்: இயந்திரம் வேலை செய்யும், ஆனால் வேலை செய்வது தெரியாது. 1953இல் 'ரோமன் ஹாலிடே' வந்தபோது ஒரு இளவரசி ஒருநாள் மட்டும் சாதாரணப் பெண்ணாக இருந்து பார்க்க இந்த வண்டிதான் உதவியது. விடுமுறைக்கும் ஸ்கூட்டருக்கும் அங்கேயே முடிச்சுப் போட்டாகிவிட்டது.

நம் ஊரில் அது வேறு கதை. லைசென்ஸ் ராஜ்யத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய பஜாஜ் வண்டி குடும்ப வண்டி. முன்னால் நிற்கிற பையன், பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்த மனைவி, அவள் மடியில் இன்னொன்று. அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் அதில்தான். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கேட்ட பட்டியலில் பத்து பவுனுக்குப் பக்கத்தில் அதுவும் இருந்தது. அது கடமையின் வண்டி. கியர் இல்லாத வண்டிகள் பரவிய பிறகு, குறிப்பாக 2001இல் ஆக்டிவா வந்த பிறகு, அது பெண்களின் வண்டியாகவும் ஆயிற்று. 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க மானியம் கொடுத்தது. எந்த பஸ்ஸுக்கும் எந்த அண்ணனுக்கும் காத்திருக்காமல் ஒரு பெண் தானாகக் கிளம்பிப் போவது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லாமல் ஸ்கூட்டரைக் கிண்டல் செய்வது ஆண்பிள்ளைத்தனமான விமர்சனம்.

தீவில் இந்த இரண்டு வரலாறுகளும் ஒரே சாலையில் ஓடுகின்றன. வாடகை வண்டியின் நம்பர் பலகை கறுப்பு, எழுத்து மஞ்சள். அதற்குப் பக்கத்தில் வெள்ளைப் பலகையோடு போகிற வண்டியில் மீன் பெட்டியும் ஐஸ் மூட்டையும் இருக்கும், அல்லது யூனிபார்ம் போட்ட பிள்ளைகள் இருப்பார்கள். ஒரே வண்டி, ஒரே வேகம், ஒரே பள்ளம். ஆனால் இரண்டு வண்டிகளும் ஓடுகிற காலம் வேறு. ஒருவர் நேரத்தைச் செலவழிக்கிறார், மற்றவர் நேரத்தை விற்கிறார். வித்தியாசம் வண்டியில் இல்லை. கறுப்புப் பலகைக்காரரின் பையில் இருக்கிற திரும்பிப் போகும் டிக்கெட்டில் இருக்கிறது. தீவாந்தரத்துக்கும் சுற்றுலாவுக்கும் உள்ள வித்தியாசமும் கடைசியில் அந்த டிக்கெட்தானே!

4

இனி கூடாரம். கூடாரம் அடித்துத் தங்குவதற்குத் தமிழில் தனிச் சொல் இல்லை. 'முகாம்' என்கிறோம், 'கேம்ப்' என்கிறோம். இரண்டும் அதிகாரத்தின் வழியாக வந்த சொற்கள். கலெக்டர் கேம்ப், ஜமாபந்தி முகாம், கண் சிகிச்சை முகாம், ஆமி கேம்ப், அகதி முகாம். பேச்சுவழக்கில் இருக்கிற 'டேரா போடறது' என்பதற்கு வேண்டாத விருந்தாளி இடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துகொள்வது என்று அர்த்தம். வெள்ளைக்கார துரை வரி தண்ட வந்து டேரா அடித்த நினைவு அந்தக் கேலிக்குள் எங்கோ இருக்கிறது.

மேற்கிலும் முகாம் அப்பாவியாகப் பிறக்கவில்லை. 1901இல் இங்கிலாந்தில் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். அதற்கு முன்னின்ற ஹோல்டிங் ஒரு தையற்காரர். நம் ஸ்கூட்டர்காரரின் நேர்ப் பாட்டன் என்று அவரைச் சொல்லலாம். உழைக்கிறவனும் அடித்தட்டு நடுத்தர வர்க்கமும் கையில் காசில்லாமல் ஊர் பார்க்கக் கண்டுபிடித்த வழி அது, மரியாதைக்குரிய வழி. ஆனால் அதே வருடங்களில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே பிரிட்டிஷ் ராணுவம் போயர் பெண்களையும் குழந்தைகளையும் கறுப்பின மக்களையும் வேலிக்குள் கூடாரங்களில் அடைத்து ஆயிரக்கணக்கில் சாகவிட்டது. போர்க்கைதிகளைச் செயின்ட் ஹெலனாவுக்கும் இலங்கையின் தியத்தலாவைக்கும் அனுப்பியது, மறுபடியும் தீவுகள். அந்தப் போரில் புகழ்பெற்று ஊர் திரும்பிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் கூடாரம் அடித்தார். சாரணர் இயக்கத்தின் முதல் முகாம் அது. எங்கே? பிரவுன்சீ என்ற தீவில். ஒரே போர், ஒரே துணி, ஒரே முளைக்கம்பு. ஒரு பக்கம் வதைமுகாம், இன்னொரு பக்கம் விளையாட்டு முகாம். முகாம்தான் நவீன அரசியலின் மறைவான அச்சு என்று அகம்பென் 1995இல் எழுதியபோது விளையாட்டு முகாமைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. நாம் கவலைப்படலாம். சட்டம் விலகி நிற்கும் இடம் ஒருவருக்குச் சிறையாகவும் இன்னொருவருக்குச் சுதந்திரமாகவும் தோன்றுவது எப்படி?

இந்தக் கேள்வி நமக்கு வெறும் தத்துவம் இல்லை. இராமேசுவரம் தீவுக்குக் கூடாரத்தோடு ஸ்கூட்டரில் போகிற இளைஞர் பாம்பன் பாலம் ஏறுவதற்கு முன்னால் மண்டபத்தைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே இருக்கிற முகாமும் முகாம்தான். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. அகதி போயிற்று, முகாம் போகவில்லை. அந்தமான் நிக்கோபாரிலும் இதே கதை உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் பெயர்த்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கச்சால் சிதைந்தது. தப்பியவர்கள் தகரக் கொட்டகைகளில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். 'தற்காலிகம்' என்ற சொல் கூடாரக்காரருக்கு இரண்டு இரவு. அவர்களுக்கு அது ஒரு தலைமுறையைத் தின்னுகிற காலம்.

5

'நான் டூரிஸ்ட் இல்லே, டிராவலர்.' இந்தப் பிரதிகளின் மையவாக்கியம் இதுதான். சுற்றுலாப் பயணிகள் எல்லோருக்கும் மற்ற சுற்றுலாப் பயணிகள்மேல் வெறுப்பு உண்டு என்பதை டீன் மக்கானல் 1976லேயே கவனித்து எழுதிவிட்டார். ரிசார்ட்டில் தங்குகிறவனைப் பார்த்துக் கூடாரக்காரர் முகம் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பில் நியாயமும் இருக்கிறது. கடற்கரையை வேலி போட்டு வளைக்கிற, நிலத்தடி நீரை உறிஞ்சுகிற ரிசார்ட்டோடு ஒப்பிட்டால் ஒரு துணிக்கூடாரம் எவ்வளவோ மேல். நான் ரிசார்ட்டை விட்டுவிட்டு ஏழைப் பயணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரிசார்ட் தன்னை அப்பாவி என்று சொல்லிக்கொள்வதில்லை, கூடாரம் சொல்லிக்கொள்கிறது. விமர்சனத்துக்கு வேலை இருப்பது அங்கேதான்.

தமிழில் மிகப் பழைய வழிகாட்டி நூல்கள் ஆற்றுப்படைகள். சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். பசித்த பாணன் ஒருவனுக்கு வழி சொல்லப்படுகிறது. வழி என்பது அங்கே தூரம் இல்லை, யார் வீட்டில் என்ன சோறு என்பதுதான் வழி. எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட மீனும் கள்ளும், வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டும். நிலப்பரப்பு கைமாறுகிற உணவாக எழுதப்பட்டிருக்கிறது. (உடனே பொற்காலப் புல்லரிப்பு வேண்டாம். அந்தப் பாதை ஒரு அரசனின் வாசலில் போய் முடிகிறது, புகழ்ந்து பாடத்தான் அவ்வளவு சோறும் என்பதை மறக்கவில்லை.) இருந்தாலும் பயணி என்பவன் தேவையோடு போகிறவன், ஊர்க்காரன் கொடுக்கிறவன் என்ற உறவு அதில் இருக்கிறது.

நம்முடைய ஸ்கூட்டர்ப் பிரதி இதை அப்படியே புரட்டிப் போடுகிறது. அடுப்பு, நூடுல்ஸ், தண்ணீர் சுத்திகரிப்பு மாத்திரை, பவர் பேங்க், கொசுவலை, மணல் ஈக்கு மருந்து எல்லாம் பையில் இருக்கிறது. யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் பெருமை. 'தற்சார்பு' என்று அதற்குப் பெயர் வேறு. ராபின்சன் குரூசோ 1719இலிருந்து இதே பெருமையைத்தான் பேசிக்கொண்டிருக்கிறான். அவனும் உடைந்த கப்பலிலிருந்து துப்பாக்கி, ரம், கோடரி என்று மூட்டை மூட்டையாக இறக்கிக்கொண்ட பிறகுதானே தற்சார்பைத் தொடங்கினான்? கூடாரம் என்பது, அதன் மிக எளிய அர்த்தத்தில், விருந்தோம்பலை மறுக்கிற கருவி. 'உங்க வீட்டுத் திண்ணை எனக்கு வேணாம், உங்க ஊர் மட்டும் போதும்.'

தொல்காப்பியத்தில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். வருகிறவன் புதியவன், அதனால் விருந்து. தீவுக்குப் போகிறவர் தன்னை அங்கே புதியவராக நினைப்பதில்லை, தீவைத்தான் புதியதாக நினைக்கிறார். யார் யாருக்குப் புதியவர் என்ற இந்தச் சின்னத் திருகலில்தான் 'கண்டறிதல்' என்ற காலனியக் கதையாடல் முழுதும் இருக்கிறது. ஆண்டிகுவாத் தீவைச் சேர்ந்த ஜமைக்கா கின்கெய்ட் 1988இல் எழுதிய 'ஒரு சிறிய இடம்' நூலில் இதை எதிர்த்திசையிலிருந்து செய்தார். விமானத்திலிருந்து இறங்குகிற பயணியை 'நீ' என்று முன்னிலையில் நிறுத்தி, ஊர்க்காரரின் கண்ணால் பார்த்தார். பார்க்கிறவர் பார்க்கப்படுபவராக ஆனார். தமிழில் அப்படியொரு பயண நூல் இன்னும் எழுதப்பட வேண்டும்.

6

இந்த இடத்தில் வாதத்தை முடித்துக்கொள்வது சௌகரியமாக இருக்கும். முடித்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் விருந்தோம்பல் என்று நான் மேலே சொன்னதற்குள் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு ஊருக்குப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் முதல் கேள்வி என்ன? 'தம்பி எந்த ஊரு?' இரண்டாவது கேள்வி? 'ஊர்ல எந்தப் பக்கம்?' மூன்றாவது கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை, இரண்டாவதிலேயே பதில் வந்துவிடும். அதற்கப்புறம் தண்ணீர் சொம்பில் வருமா, பிளாஸ்டிக் டம்ளரில் வருமா என்பது முடிவாகும். வந்தாரை வாழவைக்கிற மரபு என்று மேடையில் பேசுவோம். வந்தவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அது வாழவைக்கும். ஒரு தலித் இளைஞருக்கு, தனியாகப் போகிற ஒரு பெண்ணுக்கு, கல்யாணம் ஆகாத ஜோடிக்கு, ஒரு திருநங்கைக்கு விருந்தோம்பல் என்பது விசாரணையின் இன்னொரு பெயர். லாட்ஜில்கூட அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு 'ரூம் இல்லே' என்று சொல்வதை நாம் அறிவோம்.

அவர்களுக்கு ஒரு கூடாரமும் ஒரு ஸ்கூட்டரும் என்ன? கேள்வி கேட்கப்படாமல் ஓர் இரவைக் கழிக்கிற உரிமை. ஜிப்பை இழுத்துவிட்டால் அந்த ஆறடித் துணிக்குள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. விருந்தோம்பலை மறுக்கிற கருவி என்று நான் குற்றமாகச் சொன்னதே இங்கே விடுதலையாகிறது. தீவு என்பதும் இங்கே வேறு பொருள் கொள்கிறது. 'தெரு' தெரியாத இடம் அது. கரையிலிருந்து பிரிவதும் எல்லாவற்றையும் மறுபடி தொடங்குவதும்தான் தீவு பற்றிய கனவு என்று ழீல் டெல்யூஸ் இளமையில் எழுதிய கட்டுரை ஒன்றில் சொல்கிறார். நம் சமூகத்தில் அந்தக் கனவு யாருக்கு அதிகம் தேவைப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்தமானுக்கு இதில் ஒரு தனி வரலாறும் உண்டு. கைதிகளின் வழித்தோன்றல்களான 'லோக்கல்' சமூகத்தில் சாதியும் மதமும் மொழியும் கலந்த மணங்கள் சாதாரணமாக நடந்தன. தண்ணி தாண்டியதால் சாதி போயிற்று என்று கரையில் இருந்தவர்கள் தள்ளிவைத்தார்கள். போனதை வைத்துக்கொண்டு அவர்கள் வாழ்ந்துகாட்டினார்கள். இன்று அங்கே நம் இளைஞருக்குக் கிடைக்கிற பெயரற்ற சுதந்திரத்தில் அந்தக் கைதிகளின் பங்கு இருக்கிறது. அவர்கள் சாட்டையடி பட்டுச் சம்பாதித்ததை இவர் ஒரு நாள் வாடகைக்கு அனுபவிக்கிறார். அனுபவிக்கட்டும். ஆனால் அது இரவல் என்று தெரிய வேண்டும்.

7

இன்னும் ஆழமான இரவல் ஒன்று இருக்கிறது. லேசாக வாழ்வது, சுமையில்லாமல் நகர்வது, இலைப்பாய் மறைப்பின் கீழ் தூங்கி எழுந்து போவது – இந்தத் தீவுகளில் பல்லாயிரம் வருடங்களாக இது ஒரு வாழ்க்கைமுறை. அதை வாழ்ந்தவர்களுக்கு என்ன நடந்தது? 1863இல் ராஸ் தீவில் ஹென்றி கார்பின் என்ற பாதிரியாரின் பொறுப்பில் 'அந்தமான் இல்லம்' தொடங்கப்பட்டது. அலைகிறவர்களை ஓரிடத்தில் உட்கார வைத்து நாகரிகப்படுத்துவது நோக்கம். அவர்களுக்குக் கிடைத்தது தட்டம்மையும் மேகநோயும். பெரிய அந்தமானியர் என்று இன்று ஒரே பெயரில் அழைக்கப்படும் பத்து இனக்குழுக்களில் எஞ்சியவர்கள் சில பத்துப் பேர். 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி இறந்தபோது அகா-போ மொழியைப் பேச யாரும் இல்லாமல் போனார்கள். சுதந்திர இந்தியாவும் அதே 'இல்ல'த்தைத்தான் வேறு பெயரில் தொடர்ந்தது. 1970களில் லிட்டில் அந்தமானின் ஒங்கே மக்கள் டுகாங் கிரீக்கில் அரசு கட்டிக்கொடுத்த வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள்.

ஆக, அலைந்து வாழ்ந்தவர்களை வீட்டுக்குள் அடைத்தாயிற்று. வீட்டுக்குள் இருப்பவர்கள் வாரக் கடைசியில் அலையப் போகிறார்கள். நாடோடியத்தைக் கொண்டாடுகிற நம் பின்நவீனத்துவ நண்பர்கள் இந்த இடமாற்றத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒங்கே மனிதர் காட்டில் தங்கினால் அது 'பின்தங்கிய நிலை'. நகரத்துப் பொறியாளர் தங்கினால் அது 'அனுபவம்'.

இந்தக் கதையாடலை அதன் கடைசிவரை கொண்டுபோனால் எங்கே நிற்கும்? 2012இல் அந்தமான் நெடுஞ்சாலையில் ஜாரவா பெண்களை உணவுக்காக ஆடவைத்த காணொளி வெளிவந்தது. 2018 ஆகஸ்டில், வெளிநாட்டவருக்கான தடைசெய்யப்பட்ட பகுதி அனுமதியிலிருந்து விலக்கு பெற்ற 29 தீவுகளின் பட்டியலில் வட சென்டினலும் இருந்தது. பழங்குடிப் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறதே என்று சமாதானம் சொல்லப்பட்டது. அதே நவம்பரில் ஓர் அமெரிக்க இளைஞர் திருட்டுத்தனமாக அங்கே போய்க் கொல்லப்பட்டார். 2025 மார்ச்சில் இன்னொருவர் அங்கே இறங்கி, ஒரு குளிர்பானக் கேனைக் கரையில் வைத்துவிட்டு வந்து கைதானார். 'யாரும் போகாத இடம்' என்ற ஆசைக்கு இயற்கையான முடிவு வட சென்டினல்தான். ஸ்கூட்டர்காரர் அங்கே போவதில்லை, உண்மைதான். ஆனால் ஏழாம் நம்பர் பீச்சில் காலை ஐந்தரைக்கு யாருமில்லாத மணலைத் தேடுகிற கண்ணும் அந்தக் கேனைக் கொண்டுபோன கையும் ஒரே இலக்கணத்தில் இயங்குகின்றன. சென்டினல் மக்கள் அம்பு விடுவதை நான் ஒரு விமர்சனமாக வாசிக்கிறேன். அவர்கள் எழுதுகிற பயண இலக்கியம் அது. கண்டறியப்பட மறுக்கும் உரிமையை அவர்கள்தான் எந்தக் கோட்பாடும் இல்லாமல் தெளிவாகச் சொல்கிறார்கள்.

ராஜன் என்ற யானையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்டு, கடலில் நீந்தப் பழக்கப்பட்ட யானை. 2002இல் உச்ச நீதிமன்ற உத்தரவால் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்டபோது அதற்கு வேலை போயிற்று. பிறகு அது நீந்துவதே ஹேவ்லாக்கின் காட்சிப்பொருளானது. 2016இல் இறந்தது. உழைப்பு ஓய்ந்த இடத்தில் காட்சி தொடங்குகிறது. காட்சி ஓய்ந்த இடத்தில் என்ன தொடங்கும்? கிரேட் நிக்கோபாரில் சரக்குப் பெயர்ச்சித் துறைமுகமும் விமான நிலையமும் நகரமும் கட்ட 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாயிற்று. ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் மழைக்காடு அதில் போகும். துறைமுகத்துக்குக் குறித்திருக்கிற கலத்தியா விரிகுடா தோணி ஆமைகள் முட்டையிட வரும் கரை, காடு ஷோம்பென் மக்களுடையது. அங்கேயும் சாலை போடுவார்கள். சாலை போட்டால் ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். அப்போது அந்தச் சாலையின் கடைசியில் நின்று 'இந்த அழகான தீவைக் காப்பாத்தணும்' என்று யாரோ ஒருவர் உருக்கமாகப் பேசுவார்.

போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பித்தான் ஆகவேண்டிய நிலைமையில் நம்மில் பலர் இருக்கிறார்கள் என்பதை மேலே சொன்னேன். போகிறவர் புதியவராகப் போகட்டும் என்பதுதான் கேட்பது. புதியவருக்குச் சில கடமைகள் உண்டு: யார் இடம் என்று விசாரிப்பது, கிடைத்ததற்குக் கணக்கு வைத்துக்கொள்வது, வேண்டாம் என்று சொல்லப்பட்ட இடத்தில் நின்றுவிடுவது. எழுதும்போது சாலையில் எதிரே வந்த வெள்ளைப் பலகை வண்டியையும் எழுதுவது. அதில் போனவர் தமிழிலேயே நம்மோடு பேசியிருக்கக்கூடும். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். நம் பயணப் பிரதிகளில் அவர்கள் ஹோட்டலில் சாம்பார் கிடைத்த ஆச்சரியமாக மட்டுமே வருகிறார்கள். அவர்களுடைய பாட்டன் எந்தக் கப்பலில், எந்தக் காரணத்துக்காக வந்தார் என்று இதுவரை எத்தனை பேர் வண்டியை நிறுத்திக் கேட்டிருக்கிறோம்?